கை அறிந்த வேலைக்குச் சான்றிதழ்: நீலகிரியில் வேலையை விடாமல் தொழில் தகுதி பெற முழுமையான வழிகாட்டி

குன்னூரில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருஷம் ரூம் சுத்தம் செய்த பிறகுதான் முதல் தடவையாக மதிப்பீட்டுக்குப் போனேன். கட்டில் விரித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாத்ரூமும் பளிச்சென்று இருந்தது. கடைசியில் மதிப்பீட்டாளர் கேட்டார்: "டாய்லெட்டுக்கு ஆர் சிக்ஸ் போட்டீங்க. வாஷ்பேசினுக்கு ஏம்மா போடலை?"

"அதுக்குப் போடக் கூடாதுங்க சார்."

"அதான், ஏன் கூடாது?"

ஆர் சிக்ஸ் அமிலம். குரோம் குழாயில் பட்டால் மேல்பூச்சு போய்விடும், மார்பிளில் பட்டால் கல்லையே அரித்துவிடும். பதினோரு வருஷமாக என் கை அதை அறிந்துதான் வேலை செய்தது. வாயில் வரவில்லை. "மேடம் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாலு மார்க்கில் போனது.

எட்டு மாதம் கழித்து இரண்டாம் முறை போய்த் தேறினேன். இப்போது சூப்பர்வைசர். குன்னூர் பெட்ஃபோர்டைச் சுற்றி ஹோட்டல், காட்டேஜ், டீ ஃபேக்டரி என்று வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அக்கா, அந்த சர்டிபிகேட் எப்படி வாங்கறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

படி 1: எந்தக் காகிதம் என்று முடிவு செய்யுங்கள்

'சர்டிபிகேட்' என்ற ஒரே சொல்லில் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. தப்பான வரிசையில் நின்றால் ஆறு மாதம் வீணாகும்.

ஏற்கெனவே வேலை தெரியும், படித்த காகிதம் இல்லை என்றால் உங்களுக்கானது ஆர்.பி.எல். முன்பே கற்றதை அங்கீகரிப்பது என்று பொருள். புதிதாகப் பாடம் நடத்த மாட்டார்கள். தெரிந்ததைச் சோதித்துச் சான்று தருவார்கள். மத்திய அரசின் பி.எம்.கே.வி.ஒய். எனும் திறன் பயிற்சித் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் இதற்கு 18 முதல் 59 வயது வரை சேரலாம், தொழிலாளி கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

வயது குறைவு, இப்போதுதான் வேலைக்கு வருகிறார் என்றால் அப்ரண்டீஸ் வழி. 1961-ஆம் வருஷத்துச் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டீஸ் எடுத்தே ஆக வேண்டும். இது பல முதலாளிகளுக்கே தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருப்பார்கள். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1500 ரூபாய் வரை, அரசே பங்கு போட்டுக்கொள்ளும் திட்டமும் 2016-லிருந்து இருக்கிறது. அரசின் அப்ரண்டீஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகி, காலம் முடிந்து, தேர்வும் தேறினால் தேசிய அப்ரண்டீஸ் சான்றிதழ். ஒப்பந்தம் பதிவாகாமல் "அப்ரண்டீஸ்னு வெச்சுக்கலாம்" என்று வாயால் மட்டும் சொல்லிச் சேர்த்தால் கடைசியில் காகிதம் வராது. குறைந்த சம்பளத்தில் இரண்டு வருஷம் போனதுதான் மிச்சம். நம் மலையில் இந்த வழி பலருக்கு அறிமுகமானது அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியால்தான்.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் மாதிரி ஐ.டி.ஐ. தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. ஐ.டி.ஐ. படிக்காமலே தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தத் தொழிலில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். முதல்நிலைத் தேர்வு ஒன்று வைத்து வடிகட்டிய பிறகே முதன்மைத் தேர்வுக்கு விடுவார்கள். அறிவிப்பு மாவட்டப் பத்திரிகைச் செய்தியாக வரும், சட்டென்று முடிந்தும் போகும். அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, சட்டம் கேட்கும் லைசென்ஸ்கள். டீ ஃபேக்டரி பாய்லரை இயக்குபவருக்குப் பாய்லர் துறையின் சான்று வேண்டும். வயரிங் செய்பவருக்கு மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வு இருக்கிறது. கிச்சனில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் 25 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்வது. இவை எதற்கும் ஆர்.பி.எல். சான்றிதழ் மாற்று ஆகாது. "எங்கிட்ட ஸ்கில் இந்தியா சர்டிபிகேட் இருக்கு, நான் பாய்லர் ஓட்டறேன்" என்று ஒரு தம்பி கிளம்பினான். நல்ல வேளையாக அந்த ஃபேக்டரியில் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரே தடுத்துவிட்டார்.

படி 2: உங்கள் படிநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா வேலைத் தகுதியும் என்.எஸ்.க்யூ.எஃப். (தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு) என்ற ஒரே ஏணியில் அடுக்கப்பட்டிருக்கிறது. 2013 டிசம்பரில் வந்தபோது பத்துப் படி. 2023-ல் திருத்தி எட்டாக்கினார்கள், நடுவில் இரண்டரை, மூன்றரை என்று அரைப் படிகளும் வைத்தார்கள்.

படி எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சம்பளத்தையோ வருஷ அனுபவத்தையோ குறிப்பதில்லை, பொறுப்பைக் குறிக்கிறது. டீ ஃபேக்டரியில் இலையை வாட வைக்கும் ட்ரஃப்பில் பரப்புகிறவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறார், அது கீழ்ப்படி. இன்றைக்கு மழை இலை, காற்றை அதிகம் விட வேண்டும் என்று தானே முடிவு செய்து அதற்குப் பதில் சொல்லக் கூடியவர் நடுப்படி. நாலு பேர் வேலைக்கும் சேர்த்துப் பதில் சொல்பவர் அதற்கும் மேல். இருபது வருஷம் இலை பரப்பியிருந்தாலும், முடிவெடுக்கும் வேலை செய்யவில்லை என்றால் மேல்படிக்குப் போய் உட்கார்ந்து தோற்பதில் அர்த்தமில்லை. பொறுப்பை மறைமுகமாகச் சுமந்துகொண்டிருப்பவர்கள் கீழ்ப்படிக்கு விண்ணப்பிப்பதும் இதே அளவு தப்பு. பெண்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். மேஸ்திரி வராத நாளில் பீல்டைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் ஒரு குழப்பம் உண்டு. ஹட்டன் பக்கத்துச் சொந்தக்காரர் "எனக்கு என்.வி.க்யூ. நாலு" என்பார். என்.வி.க்யூ. என்பது அங்கத்துத் தேசியத் தொழில் தகுதி, அந்த ஏணிக்கு ஏழு படி. அங்கே நாலு என்றால் இங்கேயும் நாலு என்று ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு நாட்டு ஏணி. யோசனை மட்டும் ஒன்றுதான்; இங்கிலாந்தில் 1986-ல் அதற்கென்று ஒரு தேசியக் கவுன்சில் அமைத்துத் தொடங்கிய முறை, 'எங்கே படித்தாய்' என்று கேட்காமல் 'என்ன செய்யத் தெரியும்' என்று கேட்பது.

படி 3: க்யூ.பி. தாளை வாங்கிப் படியுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நானும் குதித்தேன்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தகுதித் தொகுப்பு இருக்கிறது, க்யூ.பி. என்பார்கள். விருந்தோம்பலுக்கு ஒரு திறன் கவுன்சில், விவசாயத்துக்கு ஒன்று, உணவு பதப்படுத்தலுக்கு ஒன்று என்று அந்தந்தத் துறைக் கவுன்சில்கள் தயாரித்தவை. தேசியத் தகுதிப் பதிவேட்டின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தேதி பாருங்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் காலாவதி உண்டு. பழையதைப் பிரிண்ட் எடுத்துப் படித்துவிட்டுப் போய் முழித்தவர்கள் இருக்கிறார்கள்.

தொகுப்புக்குள் என்.ஓ.எஸ். எனப்படும் நாலைந்து பகுதிகள் இருக்கும். ரூம் வேலை என்றால் அறையைச் சுத்தம் செய்வது ஒன்று, விருந்தினரிடம் பேசுவது ஒன்று, சுகாதாரமும் பாதுகாப்பும் ஒன்று என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகச் செயல் அளவுகோல்கள். அதற்கும் கீழே, கடைசிப் பக்கங்களில், எழுத்துக்கு எவ்வளவு, செய்முறைக்கு எவ்வளவு, வைவா எனும் வாய்மொழிக் கேள்விக்கு எவ்வளவு என்று அளவுகோல் வாரியாக மார்க் பிரித்துப் போட்ட அட்டவணை. தேற எத்தனை சதவீதம் வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும், அது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். பரீட்சைக்கு முன்னாலேயே கேள்வித்தாளின் எலும்புக்கூட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்காமல் போவது நம் குற்றம்.

தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்படாதீர்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து, ஒவ்வொரு அளவுகோலையும் நம் வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். "பொருத்தமான துப்புரவுப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்" என்று இருந்தால் பக்கத்தில் எழுத வேண்டியது: "ஆர் ஒன் பாத்ரூம், ஆர் டூ தரை, ஆர் த்ரீ கண்ணாடி, ஆர் ஃபோர் மர சாமான், ஆர் ஃபைவ் வாசனை, ஆர் சிக்ஸ் டாய்லெட் மட்டும்." பிறகு ஒவ்வொரு வரிக்கும் பென்சிலில் டிக், பெருக்கல், கேள்விக்குறி. நான் முதல் முறை இதைச் செய்திருந்தால் 'ஏன்' என்ற இடத்திலெல்லாம் கேள்விக்குறி விழுந்திருக்கும்.

படி 4: ஒரு நோட்டு போடுங்கள்

என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது நாற்பது பக்க நோட்டு ஒன்று. இங்கிலாந்து முறையில் இப்படிச் சேர்க்கும் சான்றுக் கோப்புதான் மதிப்பீட்டின் உயிர்நாடி. மதிப்பீட்டாளர் வேலையிடத்துக்கே பலமுறை வந்து பார்த்து, கோப்பைப் புரட்டி, 'தகுதி உண்டு' அல்லது 'இன்னும் இல்லை' என்று எழுதுவார். மார்க் கிடையாது. நம் ஆர்.பி.எல்.லில் அநேகமாக எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது, நோட்டுக்கென்று தனி மார்க்கும் இல்லை. இருந்தும் நோட்டு போடச் சொல்கிறேன். சேர்க்கும் முன் நடக்கும் முன்தேர்வில் அனுபவத்தைக் காட்ட அது உதவும், வைவாவில் வாய் திறக்க அதைவிட அதிகமாக உதவும்.

எழுதுவது இப்படி. தேதி. என்ன செய்தேன். வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. ஏன் அப்படிச் செய்தேன். நாலு வரி போதும். மூன்றாவதும் நாலாவதும்தான் முக்கியம்.

பர்லியாரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. ஐம்பதை நெருங்குகிறார், எட்டாவது வரை படிப்பு. அவர் நோட்டில் ஒரு நாள்: "204. செக்அவுட். தலையணைக்கு அடியில செல்போன். கை வைக்காம போன்ல ரிசப்ஷனுக்குச் சொன்னேன். சூப்பர்வைசர் வந்த பிறகு எடுத்து, பதிவேட்டில ரூம் நம்பர், நேரம், ரெண்டு பேர் கையெழுத்து. ஏன்னா நான் தனியா எடுத்தா நாளைக்கு எம்மேல வரும்." இதைவிடச் சரியான பதிலை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. இன்னொரு நாள்: "மழை. ஷீட் காயல. ஈர வாசம். இஸ்திரி போட்டா போயிரும்னு தம்பி சொன்னான். போட விடல. ராத்திரிக்கு மறுபடி வாசம் வரும்." ஜூலை மாதத்து ஊட்டியில் வேலை பார்த்தவருக்குத்தான் இது தெரியும்.

நோட்டோடு சேர்க்க வேண்டியவை: சம்பளச் சீட்டு அல்லது பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண், முதலாளி லெட்டர்ஹெட்டில் அனுபவக் கடிதம், எந்தத் தேதியிலிருந்து, என்ன வேலை என்று தெளிவாக. "நன்னடத்தை உள்ளவர்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கேளுங்கள். ஹோம்ஸ்டேயில் நாள் கூலிக்குப் போகிறவர்களுக்கு இது எதுவுமே இருக்காது. அவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கைப்பட எழுதி வாங்கி, ஜி.பே.யில் கூலி வந்த வரலாற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். வேலை செய்யும் போட்டோ நாலைந்து. விருந்தினர் முகமோ சாமானோ தெரியக் கூடாது. ஒரு பெண் அப்படி எடுத்து வேலையே போகும் நிலை வந்தது.

படி 5: பதிவு, பெயர், இனிஷியல்

பதிவு இப்போது ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் வழியாக, ஆதார் ஓ.டி.பி.யோடு. ஆதாரோடு இணைத்த மொபைல் எண் உயிரோடு இருக்க வேண்டும். மலையில் சிம் மாற்றிக்கொண்டே இருக்கிறோம், டவர் எங்கே கிடைக்கிறதோ அந்தக் கம்பெனிக்கு. பழைய எண் ஆதாரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் பின்னால், ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னால், ஸ்கூல் டி.சி.யில் வேறு எழுத்து. சான்றிதழில் அச்சாவது ஆதாரில் இருக்கும் பெயர். பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்குப் போகிற யோசனை இருந்தால் ஆதார், சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பதிவு. தலைகீழாகச் செய்தால் சான்றிதழில் திருத்தம் கேட்டு அலைய வேண்டியதுதான்.

தனியாளாகப் போய் "என்னை மதிப்பிடுங்கள்" என்பது கடினம். ஒரு தொகுதி ஆட்கள் சேர்ந்தால்தான் நடத்துவார்கள். முகாமாக நடக்கும், பயிற்சி மையத்தில் நடக்கும், முதலாளியின் வளாகத்திலும் நடக்கும். மூன்றாவதுதான் நமக்கு உத்தமம், நாம் பழகிய கட்டில், பழகிய ட்ராலி. ஆகவே ஹெச்.ஆரிடம் பேசும்போது உங்களுக்காக மட்டும் கேட்காமல், பக்கத்து இரண்டு ஹோட்டல் ஆட்களையும் சேர்த்துப் பட்டியலாகக் கொடுங்கள். தேதி சொல்லும்போது ஏப்ரல், மே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலர்க் கண்காட்சி நேரத்தில் எந்த மேனேஜரும் அறையைப் பரீட்சைக்கு ஒழித்துத் தர மாட்டார். அக்டோபர், நவம்பரும் ஆபத்து. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் மதிப்பீட்டாளர் மேட்டுப்பாளையத்திலேயே நிற்பார். ஜனவரி, பிப்ரவரி கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கு முன் ஓரியண்டேஷன் வகுப்பு உண்டு. "தெரிஞ்சதைத்தானே சொல்றாங்க" என்று பாதியில் எழுந்து வராதீர்கள், வருகைப் பதிவு கணக்கில் வரும். டேப்பில் விடையைத் தொடுவதற்குப் பழகிக்கொள்வது அங்கேதான். தமிழில் கேள்வி வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

படி 6: மதிப்பீட்டு நாள்

ஆதார் அசல், நோட்டு, சீருடை, ஷூ. வருகை, போட்டோ, வீடியோ எல்லாம் பதிவாகும். மதிப்பீட்டாளர் உங்களுக்கு வகுப்பு எடுத்தவராக இருக்கக் கூடாது, பயிற்சியும் மதிப்பீடும் தனித்தனி ஆள் என்பது விதி.

எழுத்துத் தேர்வு கொள்குறி வகை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மொத்தக் கேள்வியையும் தொட்டுவிடுங்கள்.

செய்முறைதான் நம் மைதானம், அங்கேதான் அனுபவசாலிகள் வழுக்குகிறார்கள். காரணம் வேகம். வருஷக்கணக்கில் செய்தவர் கதவைத் தட்டிக்கொண்டே சாவியைப் போட்டுவிடுவார். மதிப்பீட்டாளரின் பட்டியலில் தட்டுவது ஒரு வரி, 'ஹவுஸ்கீப்பிங்' என்று சொல்வது ஒரு வரி, காத்திருப்பது ஒரு வரி. மூன்று மார்க் கதவிலேயே போய்விடும். நிதானமாக, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "அழுக்கு ஷீட்டைத் தரையில போடாம ட்ராலிப் பையில போடறேன்." "டாய்லெட் துடைச்ச துணி வேற, பேசின் துணி வேற." முதலில் வெட்கமாக இருக்கும். வீட்டில் கட்டிலை வைத்துப் பழகுங்கள். பர்லியார் அக்கா பேரனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினார். அந்தப் பொடியன் இப்போது ஷீட்டின் மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் மடிக்கிறான்.

நம் ஊர் வழக்கம் பட்டியலோடு மோதும் இடங்கள் உண்டு. அறையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைக்க வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. நீலகிரியில் அதற்குத் தடை. அக்கா கண்ணாடி ஜாடி வைத்தார். வெளியூரிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் புருவத்தைத் தூக்கினார். "மாவட்டத்துல பிளாஸ்டிக் பாட்டில் தடைங்க சார். கெஸ்ட்டுக்கு நாங்க சொல்லியே ஜாடி வைக்கறோம், மூடியோட" என்றார் அக்கா. மார்க் குறையவில்லை. சும்மா நின்றிருந்தால் குறைந்திருக்கும்.

டீ ஃபேக்டரியிலும் இதே கதைதான். வாடல் சரியா என்று பார்க்க ஒரு பிடி இலையை உள்ளங்கையில் அழுத்தி உருட்டி விடுவார்கள். பந்து சட்டென்று விரியாமல் மெதுவாகத் தளர வேண்டும், காம்பு ஒடியாமல் வளைய வேண்டும். ட்ரஃப்பில் இருபது வருஷம் நின்ற அண்ணன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மதிப்பீட்டில் "ஈரம் எத்தனை சதவீதம்?" என்ற கேள்வி வந்தால் தடுமாறுவார். சி.டி.சி. (நசுக்கி, கிழித்து, சுருட்டும்) தேயிலைக்கு ஏறக்குறைய 70 என்று ஒரு முறை காதில் விழுந்திருந்தால் போதும், கை ஏற்கெனவே அந்த எழுபதைத்தான் அளந்துகொண்டிருக்கிறது.

வைவாவுக்கு ஒரே பயிற்சி: நீங்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் 'ஏன்', 'செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்ற இரண்டு கேள்வி. டாய்லெட் அமிலத்தையும் ப்ளீச்சையும் ஏன் கலக்கக் கூடாது? குளோரின் வாயு கிளம்பும், பூட்டிய பாத்ரூமில் மூச்சு முட்டும். தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, சூப்பர்வைசரைக் கேட்பேன்" என்று சொல்லலாம், அது பாதுகாப்பான பதில். புளுகினால் அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள்.

படி 7: முடிவு வரும் வரை

மதிப்பீட்டாளர் அங்கேயே பாஸ், ஃபெயில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அவர் பதிவு மதிப்பீட்டு முகமைக்குப் போய், அங்கிருந்து சான்றளிக்கும் அமைப்புக்குப் போகும். வீடியோவைப் பார்த்துச் சரிபார்ப்பதும் நடக்கும். இந்த இரண்டு வகை அமைப்புகளுக்கும் அங்கீகாரம் தருவது என்.சி.வி.இ.டி.; 2018-ல் அறிவிக்கப்பட்டு 2020-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒழுங்காற்று அமைப்பு.

தேறினால் சான்றிதழ் ஆன்லைனில் வரும், டிஜிலாக்கரிலும் கிடைக்கும். க்யூ.ஆர். கோடை உடனே ஒரு முறை ஸ்கேன் செய்து பெயர், தகுதி, படி எண் மூன்றையும் பாருங்கள். கிரெடிட் என்று ஒரு எண் இருக்கலாம். 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட் என்பது கணக்கு, மேலே படிக்க நினைத்தால் பயன்படும்.

தேறாவிட்டால் எந்தப் பகுதியில் குறைந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே நாலு மாதம் நச்சரித்து வாங்கினேன். மறுமதிப்பீடு உண்டா, எப்போது, யார் செலவு என்பதைச் சேரும்போதே கேட்டு வைத்தால் இந்த நச்சரிப்பு வேண்டாம்.

ஏமாறாமல் இருக்க

மூன்று வருஷம் முன்னால் ஒரு புரோக்கர் எங்கள் தெருவில் ஆளுக்கு இரண்டாயிரம் வாங்கினார். பரீட்சை வேண்டாம், போட்டோவும் ஆதார் நகலும் போதும் என்றார். பளபளவென்று லேமினேஷன் போட்டு ஒரு மாதத்தில் கொண்டுவந்தும் கொடுத்தார். அசோகச் சக்கரம், தங்க நிற ஓரம், மூன்று முத்திரை. க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் ஒரு மொபைல் கடையின் பக்கம் திறந்தது. என் தங்கச்சி வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

பரீட்சை இல்லாமல் சான்றிதழ் என்றால் போலி. தகுதியின் பெயர் தேசியத் தகுதிப் பதிவேட்டில் இல்லையென்றால் மதிப்பில்லை. என்.சி.வி.இ.டி. முத்திரை, சான்றளிக்கும் அமைப்பின் பெயர், சரிபார்க்கக் கூடிய எண் மூன்றும் வேண்டும். அரசுத் திட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், ஆள் தானே காணாமல் போய்விடுவார்.

சான்றிதழ் வந்த பிறகு

சம்பளம் தானாக ஏறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அந்த ஆசையில்தான் வருகிறார்கள். எனக்குக் காகிதம் வந்து ஏழு மாதம் வரை அதே சம்பளம்தான். சூப்பர்வைசர் இடம் காலியானபோது, பட்டயம் படித்த வெளியூர்ப் பையனோடு சேர்த்து என் பெயரையும் பார்க்க வைத்தது அந்தக் காகிதம். வேறு ஹோட்டலுக்கு மாறும்போது இரண்டு நாள் வேலை காட்டச் சொல்லும் வழக்கம் குறையும். மேல்படித் தகுதிக்குப் போகலாம். சில வருஷ மேற்பார்வை அனுபவத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழ் தெரிந்த, மலை தெரிந்த மதிப்பீட்டாளர்கள் இங்கே போதாது. நான் அதற்குத்தான் இப்போது காகிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பர்லியார் அக்கா போன பிப்ரவரியில் தேறினார். சான்றிதழின் கலர் பிரிண்டை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்திருக்கிறார். நோட்டை மட்டும் நிறுத்தவில்லை. போன வாரம் கேட்டபோது நாற்பது பக்கமும் தீர்ந்து, பேரனின் கணக்கு நோட்டுப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.